கருவியின் நிழலும் ஏரியின் ஒளியும்

நீருக்குள்ளிருந்து மேலெழும் ஒளியை அளக்க, ஒளிமானியைக் கீழ்நோக்கி நீரில் அமிழ்த்துவது வழக்கம். அப்போது கருவி, தான் பார்க்கும் நீரின் மேலேயே நிழலை வீழ்த்துகிறது. அதனால் அளவு குறைவாகக் கிடைக்கிறது. செயற்கைக்கோளின் கணிப்பைச் சரிபார்க்க இதே அளவு பயன்படுவதால், பிழை அங்கும் தொற்றிக்கொள்ளும்.

1992-இல் ஆய்வாளர்கள் கார்டனும் டிங்கும் தந்த திருத்தம் மிக எளியது. கருவியின் ஆரம், நீரின் உட்கவர் கெழு (நீர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவு), உச்சியிலிருந்து சூரியனின் சாய்வு ஆகிய மூன்றும் தெரிந்தால் இழப்பைக் கணக்கிடலாம். ஆரத்தையும் கெழுவையும் பெருக்கினால் வருவது நூற்றில் ஒன்றுக்குள் இருந்தால், சூரியன் உச்சியை நெருங்காத வரை, திருத்தாவிட்டாலும் பிழை சுமார் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்பது அவர்கள் வகுத்த வரம்பு. தூய நீர் நீல ஒளியை மிகக் குறைவாகவே உட்கவர்வதால், தெளிந்த கடலில் இது பெரிய தடையல்ல. 700 நானோமீட்டர் சிவப்பிலோ தூய நீரின் கெழுவே மீட்டருக்கு 0.6-க்கு மேல்; ஆரம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். பாசியைக் கண்டறிய உதவும் பட்டையும் இதுதான்.

பெங்களூரில் இந்தத் திருத்தம் கடும் சோதனைக்கு உள்ளாகிறது. கழிவுநீர் சேரும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் பாசியும் கரைந்த கரிமப் பொருளும் உட்கவர்தலைக் கூட்டுகின்றன. அந்தக் கெழுவைத் தனியே அளக்காமல் ஊகித்தால், திருத்தமே புதிய பிழையாகிவிடும். மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடித்து நிழலுக்குள் செலுத்துவதையும் எளிய சூத்திரம் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் சூரியனின் உயரம். ஏறக்குறைய 13 பாகை வட அகலாங்கில் உள்ள இந்நகரில், மார்ச் இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு ஏறத்தாழ 10 பாகைக்குள் நிற்கிறது. சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கையில் 5 விழுக்காடாக உள்ள பிழை, 10 பாகையில் சூத்திரப்படி 14 விழுக்காட்டை எட்டும். உச்சியை நெருங்க நெருங்க சூத்திரமே பொருளிழக்கிறது. இஸ்ரோவின் ஓஷன்சாட்-2 செயற்கைக்கோள் நண்பகலை ஒட்டியே கடக்குமாறு அமைக்கப்பட்டது என்பதால், அதன் கணிப்புடன் ஒப்பிட வேண்டிய வேளையும் அதுவே.

காலை ஒன்பது மணியளவில் அளந்தால் நிழலின் தாக்கம் குறையும். ஆனால் நீலப்பச்சைப் பாசி சில மணி நேரத்திலேயே மேலும் கீழும் நகரக்கூடியது. காலை நீர் நண்பகல் நீராக இராது. படகிலிருந்து நீர்ப்பரப்பைப் பார்த்து அளந்தால் கருவி நிழல் இல்லை; உச்சி வெயிலின் பளபளப்பு அங்கே குறுக்கிடும். ஆகவே இத்தகைய ஏரிகளுக்குச் சூத்திரத்தைவிட மெலிந்த உணரியே முதல் தேவை. திருத்திய அளவுடன் திருத்தாத அளவு, கருவியின் ஆரம், பயன்படுத்திய கெழு ஆகியவற்றையும் பதிவு செய்தால்தான் பிறர் அதைச் சரிபார்க்க இயலும்.