சிரிப்பு யார் பக்கம்?

முற்போக்கு இலக்கியத்தில் ஈடுபாடுடைய நம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நகைச்சுவை பொழுதுபோக்குக்கே உரியது, சமுதாயப் பணிக்கு உதவாதது என்பதே அது. தொல்காப்பியரோ மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளப்படுபவர் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

நிலாவெளி போன்ற ஊரில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலோரத்தே அமைந்த இவ்வூரிலும் அயலிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். ஒருவரின் பேச்சு வழக்கை மற்றவர் பழித்துச் சிரிப்பது மிக எளிது. அவ்வாறு சிரிக்கப்பட்ட பிள்ளை வகுப்பில் மறுபடியும் வாய் திறக்கத் தயங்கும். ஆதலால், எத்தகைய சிரிப்பை மாணவரிடம் கையளிக்கிறோம் என்பது பொறுப்புள்ள காரியமாகும். அந்நோக்கோடு ஒரு நூலையும் ஓர் இசைநிகழ்ச்சியையும் ஒரு திரைப்படத்தையும் இங்கு பரிந்துரைக்கிறோம்.

நூல், மஹாகவியின் ‘குறும்பா’. 1966இல் வெளிவந்தது. ஆங்கிலத்து லிமரிக்கின் ஐந்தடி அமைப்பை ஏற்று, அதன் இயைபோடு தமிழுக்குரிய எதுகையையும் இணைத்து, புதியதொரு பாவடிவத்தைக் கவிஞர் ஆக்கினார். குறுகிய பா என்றும் குறும்பான பா என்றும் பெயர் இரு பொருள் தரும். முத்துக் குளிப்பவன் ஒருவன் கடலடியிலே காலனைச் சந்திக்கிறான்; சில முத்துகளைக் கையில் வைத்துப் பொத்துகிறான்; காலன் போய்விடுகிறான். கந்தோர்களில் நாள்தோறும் நடப்பது கடலின் அடியிலும் நடக்கிறது! கைநீட்டிப் பழகிய அதிகாரமே இங்கு எள்ளப்படுகிறது. மூச்சடக்கி உழைப்பவன் அல்லன்.

இசைநிகழ்ச்சி, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபம். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன், சிதம்பரம் செல்ல ஏங்கித் தீயிற் புகுந்து தூய்மை பெறவேண்டியவனாகிறான். கிந்தனோ கல்வி கற்கப் பட்டணம் செல்ல ஏங்குகிறான். அவனுக்கு வாய்த்தது தீயன்று, எல்லாச் சாதியாரையும் நெருக்கி உட்கார வைக்கும் புகைவண்டி. பக்திக் கதை சொல்லும் அதே முறையில், அதே பாவனையில், கல்வியின் கதை சொல்லப்படும்போது சிரிப்பு எழுகிறது. அச்சிரிப்பினூடே பழைய கதையின் கொடுமையும் புலப்படுகிறது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்குப் போராட நேர்ந்த நம் நாட்டவர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. இடையிடையே உபதேசம் மிகுதிதான். எனினும் நையாண்டி அதனைத் தாங்கிக்கொள்கிறது.

திரைப்படம், 1976இல் வெளிவந்த ஈழத்துக் ‘கோமாளிகள்’. எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலித் தொடரிலிருந்து பிறந்தது. காதுக்கென எழுதப்பட்டதாகையால், காட்சிக் கலை என்ற வகையில் இப்படம் மெலிந்ததே. உரையாடலே மேலோங்கி நிற்கிறது. ஆயினும் அதன் பாத்திர அமைப்பு அபூர்வமானது. மரைக்காராக ராம்தாஸ், ஐயராக அப்துல் ஹமீத், சிங்களவர் உபாலியாகச் செல்வசேகரன், யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ராஜகோபால் என நால்வர் நான்கு வகைத் தமிழ் பேசுகின்றனர். உபாலியின் கொச்சைத் தமிழ் சில இடங்களிற் கேலியின் எல்லையைத் தொடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நால்வரும் ஒருவரையொருவர் சமமாகவே வாரிக்கொள்கின்றனர். எவருடைய பேச்சும் ‘சரியான தமிழ்’ என்னும் சிம்மாசனத்தில் ஏறி அமரவில்லை. முஸ்லிம் கலைஞர் ஐயராகவும், தமிழ்க் கலைஞர் மரைக்காராகவும் மாறிப் பேசியபோது, அடுத்த வீட்டாரின் மொழியைக் கூர்ந்து கேட்கவேண்டிய கடமை அவர்களுக்கு ஏற்பட்டது.

அக்கடமையை நம் மாணவர்க்கும் அளிக்கலாம். ‘குறும்பா’வை வாசித்த பின், அவ்வடிவத்தில் தத்தம் ஊர் வழக்கிலே ஒரு பா எழுதச் சொல்லுவோம், ஒருவர் எழுதியதை மற்றவர் உரத்துப் படிக்கட்டும். விதி ஒன்றே போதும்: தன்னினும் எளியவரை எள்ளலாகாது.