விடை சரி, விளக்கம் எங்கே?

1852-ல் பிரான்சிஸ் கத்ரீ என்ற இளைஞருக்கு, இங்கிலாந்து மேப்புக்குக் கலர் அடிக்கும்போது ஒரு சந்தேகம். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமலிருக்க, எந்த மேப்புக்கும் நாலு கலர் போதுமா? சின்னப் பையன் கேட்கிற கேள்விதான். பதில் வர 124 வருஷம் ஆயிற்று. 1976-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அப்பெல், ஹேக்கன் இருவரும் 'போதும்' என்று நிரூபித்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் அமைப்புகளை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் சரிபார்த்தது கம்ப்யூட்டர்.

கணித உலகம் முகம் சுளித்தது. ஏன்?

நான் படித்தவரை இதற்கு நேர்மையான பதில், வில்லியம் தர்ஸ்டன் 1994-ல் நிரூபணம் பற்றி எழுதிய கட்டுரை. 1982-ன் ஃபீல்ட்ஸ் பதக்கக்காரர். விடையில் யாருக்கும் பெரிய சந்தேகமில்லை, புரியவில்லையே என்கிற ஏக்கம்தான் என்கிறார். கூடவே ஒரு வாக்குமூலம். இளம் வயதில் 'ஃபோலியேஷன்' என்ற துறையில் தேற்றம் தேற்றமாக நிரூபித்துத் தள்ள, சில வருஷத்தில் மற்றவர்கள் துறையையே காலி செய்துவிட்டார்களாம். ஜெயித்தவர் இப்படி எழுதுவது அபூர்வம்.

சரி, புரிதல் என்றால் என்ன? இங்கேதான் தர்ஸ்டன் நழுவுகிறார். வகைக்கெழுவை எத்தனை விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்று 1 முதல் 7 வரை பட்டியலிட்டு, அடுத்து சட்டென்று 37-க்குத் தாவுகிறார். சிரிப்பு வருகிறது, பதில் வரவில்லை.

1 முதல் 100 வரை கூட்டுங்கள். 1-ம் 100-ம் 101. 2-ம் 99-ம் 101. இப்படி 50 ஜோடி, 5050. 'அட!' என்கிறோம். அதே சூத்திரத்தைத் தொகுத்தறிதல் முறையிலும் நிரூபிக்கலாம். 'இந்தப் படி சரியென்றால் அடுத்ததும் சரி.' ஓட்டையே கிடையாது. ஆனால் 'அட' வரவில்லை. அந்த 'அட' கணக்கில் இருக்கிறதா, நம் மண்டையில் இருக்கிறதா? தர்ஸ்டன் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பி.காம். படித்தவனுக்கு இது பழகிய அவஸ்தை. டிரையல் பாலன்ஸ் டாலி ஆகிவிடும். 'பணம் எங்கேய்யா போச்சு?' என்று முதலாளி கேட்டால் திருதிரு.

2005-ல் ஜார்ஜ் கோந்தியே நாலு கலர் தேற்றத்துக்கான ஒரு நிரூபணத்தை இன்னொரு மென்பொருளால் முழுசாகச் சரிபார்த்தார். மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று.

ஏன் நாலு? கத்ரீ இன்றைக்கு வந்து கேட்டால், அவர் கையில் பிரின்ட்-அவுட்டைத்தான் கொடுக்க முடியும்.