நிழலாய் நின்ற முத்தம்

‘ஃபயர்புரூஃப்’ என்றதும் பலருக்கு எரியும் வீடும், தண்டவாளத்தில் சிக்கிய காரும்தான் நினைவுக்கு வரும். என்னை அந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது சத்தமே இல்லாத ஒரு காட்சி. வாருங்கள், அதை இன்னொரு முறை சேர்ந்து பார்ப்போம்.

மணமுறிவின் விளிம்பில் நிற்கும் தீயணைப்புப் படைத் தலைவன் கேலப், தன் தந்தையோடு மரங்களுக்கிடையே நடக்கிறான். நாற்பது நாள், நாளுக்கொன்றாய் மனைவிக்கு ஓர் அன்புச் செயல் செய்யச் சொல்லும் கையெழுத்துக் குறிப்பேட்டைக் கொடுத்தவர் அந்தத் தந்தைதான். மறுபடி மறுபடி தன்னை ஒதுக்குகிறவளை எப்படி நேசிப்பது என்று மகன் பொருமுகிறான். தந்தை உடனே பதில் சொல்லவில்லை. நாலடி நடந்துபோய், அங்கே நிற்கும் மரச் சிலுவையில் மெல்லச் சாய்ந்துகொள்கிறார். அவ்வளவுதான்! ஆலயத்தில் எத்தனையோ ஞாயிறுகள் கேட்ட பிரசங்கமெல்லாம் ஒரு முதியவரின் தோள் சாய்வில் வந்து அடங்கிவிடுகிறது. மகன் கேட்ட கேள்வியையே கர்த்தரும் நம்மைப் பார்த்துக் கேட்கலாமே என்பது அவனுக்கு உறைக்கும் முன்பே நமக்கு உறைத்துவிடுகிறது.

இந்த அடக்கம் படம் முழுக்க ஓடும் மெல்லிய இழை. படகு வாங்கச் சேர்த்த 24,000 டாலரை, பக்கவாதத்தால் முடங்கிய மாமியாரின் கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்குமாகக் கேலப் கொடுத்துவிடுகிறான், வீட்டில் மூச்சுவிடவில்லை. வேறொருவர் கொடுத்ததாக மனைவி நம்பி நன்றி பாராட்டுவதையும் பொறுத்துக்கொள்கிறான். வலது கை செய்வதை இடது கைக்கும் காட்டாத அந்த ஈகையின் அழகே அழகு.

அதனினும் ஆழமானது கேலப்பின் தாயின் மௌனம். பெற்றோரின் மணவாழ்விலும் அன்பின் நாற்பது நாள் இருந்தது; அதைத் தந்தைதான் தொடங்கியிருப்பார் என்று எண்ணியிருக்கிறான் மகன். உண்மையில் தொடங்கியவள் அம்மா. அன்பைப் பெற்றுத் திருந்தியவர்தான் தந்தை. படம் நெடுக மகனுடைய கடுஞ்சொல்லை வாங்கிக்கொண்டு அறையை விட்டு வெளியேறிய அந்த அம்மாள், தான் செய்ததை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. இதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி பாருங்கள். அவர் முகம் முற்றிலும் வேறாகத் தெரியும்.

இத்தனை நயமும் பிறந்தது பெரிய ஸ்டூடியோவில் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரின் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை எடுத்த படம் இது. அலெக்ஸ் கென்ட்ரிக் இயக்கி 2008இல் வெளிவந்தது. ஏறக்குறைய 5 லட்சம் டாலர் செலவு. பெரும்பாலும் சபை மக்களே நடித்து, திரைக்குப் பின்னாலும் உழைத்தார்கள். நடிப்பு சில இடங்களில் தட்டையாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கரடுமுரடில்தான் நம் வீட்டுச் சண்டையின் குரல் கேட்கிறது. கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்து பார்க்கவேண்டிய படம் என்று இதை நான் சொல்வதும் அதனால்தான்.

கடைசியாக, தம்பதியர் மீண்டும் இணையும் அந்த முத்தம். முகங்கள் தெரியாது, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் இரு கரிய உருவங்கள் மட்டும். கேலப்பாக நடித்த கிர்க் கேமரன், தன் மனைவியைத் தவிர எவரையும் முத்தமிடுவதில்லை என்று உறுதிபூண்டவர். அதனால் அந்த ஒரு காட்சிக்காக அவருடைய மனைவி செல்சீ நோபிள் கதாநாயகியின் உடையில் வந்து நின்றார். அடுத்தமுறை அந்த இடம் வரும்போது கண்ணிமைக்காமல் பாருங்கள்: அங்கே நிற்பவர்கள் நிஜமான கணவனும் மனைவியும்.