குதிரின் ஈரக் கணக்கு

மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூட்டுகளைக் களிமண்ணும் சாணமும் கொண்டு பூசி எழுப்பப்படும் குதிர், தானியத்தைக் காப்பது அடிப்படையில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கலையே என்பதை அழகாக உணர்த்துகிறது. தானிய எடையில் நீரின் பங்கைக் குறிக்கும் ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டினால், நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும் கூன்வண்டு விரைந்து பெருகுகிறது. 9 விழுக்காட்டுக்கும் கீழே காய்ந்த மணியிலோ அதன் இனப்பெருக்கம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பூச்சிகளின் மூச்சிலிருந்து வெப்பமும் நீராவியும் எழ, அந்த ஆவி குளிர்ந்த மேற்பரப்பில் படிந்து ஈரத்திட்டுகளை உண்டாக்க, வண்டுகள் உலர்ந்த பகுதியை விட்டு அத்திட்டுகளை நாடித் திரள்கின்றன. ஆகவே குவியல் முழுவதும் ஒரே சீராகக் காய்ந்திருப்பதே உண்மையான காவலாகும். இதனை அனுபவத்தால் அறிந்த உழவர்கள், களத்து வெயிலில் காலால் கிளறிவிட்டுக் காயவைத்த நெல்லில் ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து, அது மசியாமல் ‘நறுக்’கென்று முறியும் ஓசை கேட்ட பின்னரே, சூடு ஆறவிட்டுக் குதிரில் கொட்டினர். கணப்பொழுதே கேட்கும் அந்தச் சிற்றோசையில் ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான உணவின் பாதுகாப்பு அடங்கியிருந்தது என்பது வியந்து போற்றத்தக்கது.