யார் பெயரில் ஆடுகிறது தூரி?

ஆடி பிறந்தால் சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் மரக்கிளைகளில் தூரி கட்டிவிடுவார்கள். மெல்ல ஆடும்வரை ஒருமுறை போய்வர ஆகும் நேரம் ஏறக்குறைய கயிற்றின் நீளத்தை மட்டுமே பொறுத்தது. பள்ளிப் பாடம் இதோடு நின்றுவிடும். தள்ளுகிற ஆள் கொஞ்சம் முரடாக இருந்து, தூரி கிளை உயரத்துக்குப் போனால் கணக்கு மாறும். வீச்சு கூடக் கூட, போய்வரும் நேரமும் கூடும். இரண்டு மடங்கு தந்தால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்ற நேர்க்கணக்கு செல்லாத இந்த நடத்தைக்கு இயற்பியலில் ‘நேரியல் சாராத’ என்று பெயர்.

தூரிபோல் முன்னும் பின்னும் ஆடும் அமைப்பை அலைவி என்பார்கள். நேரியல் சாராத இயற்பியலில் பெயர்பெற்ற ஓர் அலைவி தமிழ்நாட்டில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி. எம். மேத்யூஸும் அவரிடம் ஆய்வு செய்த எம். லட்சுமணனும் 1974-இல் அதை வெளியிட்டார்கள். ஆடும் பொருளின் நிறை, அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறுவதுபோல் அமைந்த சமன்பாடு அது. விடை என்னவோ அப்பழுக்கில்லாத சைன் அலைதான். ஆனால் அதன் அதிர்வெண் வீச்சோடு சேர்ந்து மாறும். மறு ஆண்டே இருவரும் அதன் குவாண்டம் வடிவத்துக்கும் விடை கண்டார்கள். சாதாரண அலைவியின் ஆற்றல் மட்டங்கள் ஏணிப்படிபோல் சம இடைவெளியில் இருக்கும். இங்கே படிக்குப் படி இடைவெளி வேறு. 2004-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பல பரிமாணங்களுக்கு விரித்தபோது, கட்டுரையில் அவர்களோடு சேர்ந்திருந்த பெயர் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்து எம். செந்தில்வேலனுடையது. லட்சுமணன் நேரியல் சாரா இயக்கவியல் மையத்தை வளர்த்ததும் அங்கேதான்.

‘மேத்யூஸ்–லட்சுமணன் அலைவி’ என்ற பெயரில் ஆசிரியரும் மாணவரும் சமமாக நிற்கிறார்கள். எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை.

குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாடு நேரியல்தான். அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஒன்றையொன்று பாதித்து, அந்தக் கூட்டத்தையே ஒற்றை அலையாக எழுதும்போதுதான் நேரியல் சாராத உறுப்பு உள்ளே வருகிறது. போஸ்–ஐன்ஸ்டீன் செறிபொருள் இதற்கு நல்ல உதாரணம். பெயர்க் கணக்கிலும் அது விசித்திரம். டாக்காவிலிருந்து சத்யேந்திர நாத் போஸ் 1924-இல் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டீனே ஜெர்மனில் பெயர்த்து, போஸ் பெயரிலேயே வெளிவரச் செய்தார். அணுக்கள் ஒரே நிலையில் குவியும் என்ற கணிப்பு அந்தக் கட்டுரையில் இல்லை. ஐன்ஸ்டீன் அதை அடுத்துத் தனியாக எழுதினார். ஆனாலும் செறிபொருளின் பெயரில் போஸ்தான் முன்னால்.

கல்கத்தாவில் நடந்தது நேர்மாறு. 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிப்பட்ட ஒளிச்சிதறல் விளைவை ‘நேச்சர்’ இதழில் அறிவித்த கட்டுரையில் சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணன் என்று இரு பெயர்கள். விளைவுக்கு ஒரு பெயர். 1930-இன் நோபல் பரிசும் ஒருவருக்கே. அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே கண்டிருந்தார்கள். ரஷ்ய மொழியில் இன்றும் அதன் பெயரில் ராமன் இல்லை. போதாததற்கு, ‘ராமன்’ என்பதே அவருடைய முழுப் பெயர் அல்ல. வேங்கடராமன் என்ற பெயர் இரண்டாக உடைந்து, முன்பாதி இனிஷியலாகிவிட்டது. தகப்பன் பெயரைத் தலையெழுத்தாகச் சுமக்கும் தமிழரைக் குடும்பப்பெயர் கேட்கும் உலகப் பட்டியல்கள் படுத்தும் பாட்டுக்கு இது பழைய சாட்சி. லேசர் வந்தபின், 1962-இல், தூண்டப்பட்ட ராமன் சிதறல் தற்செயலாகக் கிடைத்தது. அது நேரியல் சாராத விளைவு. கிருஷ்ணன் பெயர் அதிலும் சேரவில்லை.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஈ. சி. ஜி. சுதர்சன் நிலை இன்னும் கசப்பானது. ஒளியின் குவாண்டம் நிலைகளை விவரிக்க அவர் 1963-இல் தந்த வடிவம், பாடநூல்களில் ‘கிளாபர்–சுதர்சன்’ என்றே இருக்கிறது. 2005-இல் நோபல் கிளாபருக்குப் போனது. சுதர்சன் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே சொல்லவேண்டும்: அந்த வடிவத்தில் எதிர்க்குறி மதிப்பு தோன்றுவதை வைத்துத்தான் ஓர் ஒளி பழைய இயற்பியலுக்கு அடங்காதது என்று இன்றும் அடையாளம் காண்கிறார்கள்.

பெயர்கள் கூட்டமாகிவிட்டால் கணக்கே வேறு: 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அறிவித்த கட்டுரை 33 பக்கம். அதில் 24 பக்கம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பட்டியலுக்கே போனது.

அதற்குச் சுமார் நூறு ஆண்டு முன்பு, 1916-இல், சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கினார்கள். அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் ஆக்குவது வேலை. சொல்லாக்கம் அதன்பின் எத்தனையோ கைமாறி வந்திருக்கிறது. அலைவி, வீச்சு, அதிர்வெண் என்று மேலே வந்த சொற்களில் எதன் பக்கத்திலும் ஆக்கியோன் பெயர் கிடையாது. பரீட்சைத் தாளில் பிள்ளைகள் அவற்றைத் தங்கள் சொல்லாகவே எழுதிவிட்டுப் போகிறார்கள்.