பேரரசனின் கைத்துப்பாக்கி: அணியும் பொறியும்

நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகத்திலுள்ள இரட்டைக்குழல் சக்கரப்பொறிக் கைத்துப்பாக்கி, ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால உலோகக் கலையின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகும். ஏறத்தாழ 1540க்கும் 1545க்கும் இடையில், ஜேர்மனியின் மியூனிச் நகரில், பேரரசன் ஐந்தாம் சார்ள்சுக்கெனப் பீற்றர் பெக் என்பார் இதனை ஆக்கினார். உலோகப் பரப்பில் அரித்துப் பொறித்த கோலங்கள் அம்புறோசியஸ் கெம்லிக்கின் கைவண்ணம் எனக் கருதப்படுகின்றன. செரிமரக் கட்டையிலே செதுக்கிய மான்கொம்புத் தகடுகள் இழைக்கப்பட்டுள்ளன. அழகை மட்டும் நோக்கும் திறனாய்வு இவ்வளவோடு நிறைவு கொண்டுவிடும்.

அவ்வாறு நிறைவு கொள்ளுதல் தகாது. பெக் கடிகாரமுஞ் செய்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சக்கரப்பொறியிலே, சாவியால் சக்கரத்தை முறுக்கும்போது சிறு சங்கிலியொன்று எஃகு வில்லை வளைத்து நிறுத்தும். விசையை இழுத்ததும் சக்கரம் விரைந்து சுழன்று, கவ்வி பற்றியுள்ள இரும்புக் கந்தகக் கல்லோடு உராயும். தெறிக்கும் தீப்பொறியாற் கிண்ணத்து மருந்து பற்றிக்கொள்ளும். ஒரு குழலுக்கே இத்துணை நுணுக்கம் வேண்டும். ஏறத்தாழ 49 சென்ரிமீற்றர் நீளமே கொண்ட இக்கருவியில், இரு குழல்களுக்கும் தனித்தனியே தீமூட்டும் இரு பொறிகளை ஒருங்கிணைத்தமையே, எமது கருத்தில், பெக்கின் மெய்யான சாதனை. கெம்லிக்கின் கோலங்கள் அழகியனவே; ஆயினும் அவற்றுக்கு இரண்டாமிடமே தரலாம்.

எரியுந் திரி வேண்டாமையால், இத்தகைய துப்பாக்கியை மருந்திட்டு, மேலாடையுள் மறைத்து, வேண்டியபோது ஒரு கையாற் சுடலாம். ஆட்சியாளர் அஞ்சியது இதனையே. பேரரசன் முதலாம் மக்சிமிலியன் 1517, 1518ஆம் ஆண்டுகளிற் சக்கரப்பொறித் துப்பாக்கிகளைத் தடைசெய்தான். தடை முதலில் ஒஸ்திரியாவிலும் பின்னர் பேரரசு முழுவதிலும் விதிக்கப்பட்டது. அவனுடைய பேரனே சார்ள்ஸ். பாட்டன் விலக்கிய கருவி ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின் பேரன் கையில் அரச சின்னம் தாங்கி நிற்கின்றது. கொலைஞனுக்கு உதவுமென அஞ்சப்பட்ட பொருளை அரசனுக்கு உரியதாக மாற்றும் பணியை இங்கே அணியே செய்கின்றது. இதனை வெறும் மேற்பூச்செனல் பொருந்தாது.

பொறித்த சின்னங்களும் வாளாவிருப்பனவல்ல. இரட்டைத்தலைக் கழுகோடு ஹேர்க்குலிசின் தூண்களும், ‘இன்னும் அப்பால்’ எனப் பொருள்படும் இலத்தீன் வாசகமும் காணப்படுகின்றன. பழைய உலகின் எல்லையாகக் கருதப்பட்டவை அத்தூண்கள். அவற்றைத் தாண்டிச் சென்ற சார்ள்சின் படையினர் 1521இல் மெக்சிக்கோவின் தெனோச்தித்லான் நகரை வீழ்த்தினர். 1533இல் இன்கா மன்னன் அத்தகுவல்பாவைக் கொன்றனர். ‘அப்பால்’ என்ற சொல் குறித்தது அம்மக்களின் நிலத்தை.