காண்பனவும் கண்டவையும்: பள்ளி உயிரியலில் அறிவியல்முறையின் தமிழ்

ஆய்வுச்சுருக்கம்

அறிவியல் தமிழ் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே மையமாகக் கொண்டவை. அறிவியல்முறை பெயர்ச்சொற்களில் மட்டும் தங்குவதன்று. வினைமுற்றிலும், காலத்திலும், ஐயமும் துணிபும் உணர்த்தும் வாக்கிய அமைப்பிலும் அது தங்கியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளி உயிரியலின் செய்முறைப் பதிவேட்டு நடையை இந்நோக்கில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கருதுகோள், காண்பன, ஐயக்கிளவி, செய்முறைப் பதிவேடு, செஞ்சி வட்டாரம்.

சொல்லாக்கத்தின் வெற்றியும் எல்லையும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) காலந்தொட்டு நம்மை வருத்திய வினா ஒன்றுதான்: இப்பொருளுக்குத் தமிழில் என்ன பெயர்? 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் கலைச்சொற்களுக்கெனத் தொடங்கிய முயற்சியும், 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையில் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாடும் அவ்வினாவுக்கே விடை தேடின. தேடியது வீண்போகவில்லை. இன்று பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு, மரபியல் என்னும் சொற்களை அவை ஒருகாலத்தில் புதியவை என்ற நினைவே இன்றி எழுதுகிறார். ஈழத்து மாணவர் ஒளித்தொகுப்பு என்றும் கூர்ப்பு என்றும் எழுதுவார். தமிழகத்தார் ஒளிச்சேர்க்கை, பரிணாமம் என்பர். இவ்வேறுபாடு நூல்களைப் பகிர்ந்துகொள்வதற்குச் சிறு இடையூறேயன்றிச் சிந்தனைக்கு இடையூறன்று.

முறையியற் சொற்களின் நிலை வேறு. கருதுகோள், கோட்பாடு, கொள்கை ஆகிய மூன்றும் 'கொள்' என்னும் ஒரே வினையடியிற் பிறந்தவை. கருதிப் பார்ப்பதற்காகக் கொள்வது கருதுகோள். சான்றுகள் பல கூடிய பின் கொள்ளத்தக்கதாய் அமைவது கோட்பாடு. ஆங்கிலவழி மாணவர் தம் சொற்களில் காணமுடியாத உறவு, தமிழ்வழி மாணவர்க்குச் சொல்லின் மேற்பரப்பிலேயே கிடக்கிறது. எனினும் செல் கொள்கை என்றும் செல் கோட்பாடு என்றும் ஒன்றையே இருவகையாக வழங்குகிறோம். 'கொள்கை' என்பதோ அரசியல் மேடையில் ஒருவர் விட்டுக்கொடுக்கக் கூடாதது எனப் பொருள்படும் சொல். சான்று மாறினால் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்றுக்கு அப்பெயரை இட்டுவிட்டு, டார்வினின் கருத்தை மாணவர் ஒரு கட்சியின் நிலைப்பாடு போலக் கேட்கிறார் என்று வருந்துவதில் பயனில்லை. 'விதி' என்னும் சொல்லுக்கும் இவ்வாறே ஊழ் என்னும் நிழல் உண்டு. ஆயினும் இலக்கண நூல் வழியே அச்சொல் பொதுநெறி என்னும் பொருளை உறுதியாகப் பெற்றுள்ளமையால் அதில் இடர் குறைவு.

பகரமும் வகரமும்

சொற்களைவிட ஆழமான சிக்கல் பதிவேட்டின் தலைப்புகளிலேயே உள்ளது. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்னும் வரிசை தமிழ்வழியிற் பயின்ற தலைமுறைகளுக்கு மனப்பாடம். காண்பன, அறிவன ஆகிய இரண்டும் அழகிய வினையாலணையும் பெயர்கள். சுருக்கமும் ஓசையும் உடையவை. ஆனால் முன்னதில் உள்ள பகரமும் பின்னதில் உள்ள வகரமும் எதிர்கால இடைநிலைகள். காணப்போவன எவையோ அவையே காண்பன. சோதனை முடிந்தபின் எழுதவேண்டிய பகுதிக்குச் சோதனை தொடங்குமுன்னரே நிறைவுபெற்றுவிட்ட ஒரு தலைப்பை இட்டிருக்கிறோம்.

இதற்கு மறுப்பு எளிதாகவே எழும். அவ்வடிவம் எதிர்காலத்தை மட்டும் குறிப்பதன்று, முக்காலத்துக்கும் பொதுவான இயல்பையும் குறிக்கும் என்பர். அது உண்மையே. மூன்று காலத்திலும் ஒருதன்மைத்தாய் நிகழும் பொருளைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டால் கூறவேண்டும் எனத் தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. மலை நிற்கும், தீச் சுடும் என உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். எனினும் அவ்விதியே என் வாதத்துக்கும் துணை. பொதுநெறிக்கு உரியது 'செய்யும்' வாய்பாடு; ஒரு நாளில், ஓர் இலையில், ஒருவர் கண்ணுக்குப் புலப்பட்ட தனிநிகழ்ச்சிக்கு உரியது இறந்தகாலம். 'அயோடினில் நீலக்கருமை ஆயிற்று' என்பது கண்டது. 'ஸ்டார்ச் அயோடினில் நீலக்கருமை ஆகும்' என்பது பொதுநெறி. தரவுக்கும் நெறிக்கும் இடையிலுள்ள வேலியைத் தமிழ் வினைமுற்று ஓர் இடைநிலையால் எழுப்பித் தருகிறது. பதிவேடோ அவ்வேலியைப் பிடுங்கிவிடுகிறது. 'கண்டவை' எனத் தலைப்பிட்டிருந்தால் மாணவர் எதையேனும் கண்டாக வேண்டும். 'காண்பன' என்றிருப்பதால் தோழரின் பதிவேட்டைக் காண்பதே போதுமானதாகிறது.

செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றின் பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் குறிக்கிறது. யார், என்ன செய்தார், எத்தனை நாள் என்பவையே அதில் உள்ளன; நோற்றல் அங்கே இறந்தகாலத்திலேயே நிற்கிறது. கல்லில் வெட்டியவர்க்கு இருந்த கால உணர்வு நம் பதிவேட்டுக்கு வேண்டாததாயிற்று போலும்.

ஒளித்திரைச் சோதனை: ஒரு மறுவாசிப்பு

பள்ளி உயிரியலில் மிகப் பழகிய சோதனையை எடுத்துக்கொள்வோம். தொட்டிச்செடியை இருட்டில் வைத்து இலையிலுள்ள ஸ்டார்ச்சை நீங்கச்செய்து, ஓர் இலையின் ஒரு பகுதியைக் கருந்தாளால் மறைத்து வெயிலில் வைக்கிறோம். பின்னர் இலையைப் பறித்து நீரிற் கொதிக்கவைத்து, ஆல்கஹாலில் பச்சையத்தை நீக்கி, அயோடின் கரைசலை இடுகிறோம். மறையாத பகுதி நீலக்கருமை அடைகிறது; மறைத்த பகுதி அடைவதில்லை.

இச்சோதனையின் நோக்கம் வழக்கமாக, 'ஒளிச்சேர்க்கைக்கு ஒளி இன்றியமையாதது என நிரூபித்தல்' என்றே தொடங்கும். நிரூபிக்க வேண்டியது முதல்வரியிலேயே முடிந்த முடிபாய் நிற்கிறது. வினா இல்லை, ஆகவே கருதுகோளுக்கு இடமில்லை, ஆகவே தவறக்கூடும் என்னும் எண்ணத்துக்கும் இடமில்லை. இறுதியில் 'எனவே ஒளி இன்றியமையாதது என நிரூபிக்கப்படுகிறது' என்று முடியும்போது, தொடக்கமும் முடிவும் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. இடையில் இலை வெந்ததுதான் மிச்சம்.

உண்மையில் அங்கே நான்கு படிகள் உள்ளன. கண்ணுக்குப் புலனானது நிறவேறுபாடு மட்டுமே. அந்நிறத்தால் ஸ்டார்ச் உண்டு என்பது முதல் உய்த்துணர்வு. இருட்டில் நீங்கிய ஸ்டார்ச் மீண்டும் தோன்றியமையால் ஒளிச்சேர்க்கை நிகழ்ந்தது என்பது அடுத்தது. நிகழாமைக்குக் காரணம் ஒளியின்மையே என்பது அதற்கும் அடுத்தது. இந்த இறுதிப் படியே நுட்பமானது. கருந்தாள் ஒளியை மட்டுமா தடுத்தது? இலையோடு ஒட்டிய தாள் காற்றையும், அதனோடு கார்பன் டை ஆக்சைடையும் தடுத்திருக்கலாம் அல்லவா? கூர்ந்த மாணவர் ஒருவர் இவ்வாறு கேட்பாராயின் அவர் குறும்பு செய்யவில்லை. கானாங் வடிவமைத்த ஒளித்திரை காற்றோட்டம் உடையதாக அமைந்ததன் காரணத்தைத் தாமே கண்டுகொண்டார். அதே அளவுள்ள ஒளிபுகும் தாளை மற்றோர் இலையில் ஒட்டிப்பார்ப்பது அவர் ஐயத்துக்கு ஏற்ற மறுமொழி. ஆனால் 'நிரூபிக்கப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைமுற்று, செய்தவரையும் மறைத்து அவர் ஐயத்தையும் மறைத்துவிடுகிறது.

மெண்டல் பகுதியும் இத்தகையதே. இரண்டாம் தலைமுறையில் 3:1 என்னும் விகிதம் தோன்றியது என்று கற்பிக்கிறோம். 1866இல் அச்சேறிய அவர் கட்டுரையிலுள்ள எண்ணிக்கையோ 5474 உருண்டை விதைகள், 1850 சுருங்கிய விதைகள், அதாவது 2.96:1. எண்ணியது ஒன்று, அதிலிருந்து கருதியது ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது 'ஏறத்தாழ' என்னும் சொல். ஏறவும் தாழவும் இடம்தரும் இச்சொல்லைப் பாடநூல் வாக்கியத்தில் சேர்ப்பதற்கு எந்தக் கலைச்சொற்குழுவும் கூடவேண்டியதில்லை.

ஐயத்துக்கு இலக்கணம் வகுத்த மொழி

தமிழில் ஐயத்தைச் செப்பமாக உரைக்க வாயில்கள் இல்லை என்று ஒருவரும் கூறமுடியாது. தொலைவில் தோன்றுவது மரக்குற்றியா மனிதனா என்று தெளியாதபோது எச்சொல்லால் அதனைக் குறிப்பது என்பதற்குத் தொல்காப்பியக் கிளவியாக்கமே நெறி கூறுகிறது. ஆணா பெண்ணா என்ற பால் ஐயத்துக்குப் பன்மை. திணை ஐயத்துக்கு 'உருபு' போன்ற பொதுச்சொல். ஐயம் நீங்கியபின் அன்மைச்சொல்லைக் கொண்டு, குற்றி அன்று என விலக்கி மனிதன் எனத் துணிவதை உரையாசிரியர்கள் விளக்குவர். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே, தெளிந்தபின் விலக்கியது எது என்பதையும் சொல் என்னும் இவ்வொழுங்கு, கருதுகோளை விலக்கும் முறைக்கு மொழியளவில் மிக அணுக்கமானது.

மணிமேகலையின் 29ஆம் காதை அளவைநெறியை விரிவாகவே பேசுகிறது. புகையால் நெருப்பை உணரும் அனுமானத்தில், உள்ள இடத்தைக் காட்டும் எடுத்துக்காட்டோடு இல்லாத இடத்தைக் காட்டும் மறுதலை எடுத்துக்காட்டையும் அது வேண்டுகிறது. மறைத்த பகுதியோடு மறையாத பகுதியை ஏன் ஒப்பிடவேண்டும் என்பதை விளக்கத் தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளத்தக்க பகுதி அது. பண்டைத் தமிழர் ஆய்வுக்கூடம் நடத்தினர் என்று இதனால் நிறுவ முற்படுவது நகைப்புக்கு இடமாகும். அளவைநூல் வாதத்தைச் சோதிக்கும். செடியை அது சோதிப்பதில்லை. ஈண்டு வேண்டுவது சோதித்ததைச் சொல்வதற்கான வாக்கிய அமைப்பு மட்டுமே.

அவ்வமைப்பு ஏட்டில் மட்டும் இருப்பதும் அன்று. செஞ்சி வட்டத்து அனந்தபுரம் போன்ற ஊரில் மழைவரும் என்பதைப் பல படிகளில் சொல்வார்கள்: வரும், வரும்போல இருக்கு, வரலாம், வருமாம். நான்காவதில் உள்ள 'ஆம்' பிறர் சொல்லக் கேட்டது என்னும் சான்றுமூலத்தையும் உடன் தருகிறது. சான்றின் வலிமைக்கேற்பத் துணிபைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த பேச்சோடு வகுப்புக்குள் வரும் பிள்ளை, எழுதத் தொடங்கியதும் 'ஆகும்', 'படுகிறது' என்னும் இரண்டே முடிவுகளுக்குள் அடைபடுகிறது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதும் அப்பிள்ளை அறிந்ததே. மாதிரியெடுத்தலைக் கற்பிக்க இதனினும் நல்ல வாயில் இல்லை. பானை ஒன்றாயும் சூடு சீராயும் இருந்தால்தானே ஒரு சோறு பதமாகும் என்று மேலும் ஒரு வினா எழுப்பினால், அதன் வரம்பும் உடனே விளங்கும்.

மல்லாட்டைப் பாத்தி

விடை பாடநூலில் முன்கூட்டியே அச்சிடப்படாத வினா ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலை, வேர்முண்டுகளில் வாழும் ரைசோபியத்தின் துணையால் வளியின் நைட்ரஜனைப் பெறுகிறது என்று பாடம் கூறும். அவ்வாறாயின், யூரியா இட்ட பாத்தியில் வேர்முண்டுகள் கூடுமா, குறையுமா? செடிக்கு நைட்ரஜன் எளிதில் கிடைக்கும்போது முண்டுகள் குறைவது ஆய்வாளர் அறிந்ததே, மாணவர் அறியாதது. ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு நீர் பாய்ச்சி, ஒன்றில் யூரியா இட்டும் மற்றொன்றில் இடாமலும் விட்ட இரு பாத்திகளிலிருந்து செடிகளைப் பிடுங்கி முண்டுகளை எண்ணச் சொல்லலாம். நுண்ணோக்கிகூட வேண்டாம். முண்டை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பது அது செயல்படுவதன் அடையாளம்.

பதிவேட்டின் மொழி அப்போது வேறாகவேண்டும். 'யூரியா இட்டால் முண்டுகள் குறையக்கூடும் எனக் கருதினோம். இட்ட பாத்தியில் பத்துச் செடிகளையும் இடாத பாத்தியில் பத்துச் செடிகளையும் பிடுங்கி எண்ணினோம். எண்ணிக்கை பின்வருமாறு இருந்தது. மண் இரு பாத்தியிலும் ஒத்ததா என நாங்கள் சோதிக்கவில்லை.' இவ்வாக்கியங்களில் புதிய கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. கடைசி வாக்கியம் எதிர்மறை. நடைமுறையிலுள்ள பதிவேட்டுத் தலைப்புகளுள் எதன்கீழ் அதனை எழுதுவது என்று தேடினால் இடம் கிடைக்காது.

இடர் தேர்விலும் உண்டு. தமிழகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலின் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு உரியது. அங்கே இலையின் மறைத்த பகுதியும் சற்று நீலமாயிற்று என ஒரு மாணவர் உள்ளபடியே எழுதினால், ஸ்டார்ச் முழுதும் நீங்கவில்லை போலும் என்னும் அவர் அடுத்த வரிக்கு மதிப்பெண் தர மதிப்பீட்டுக் குறிப்பில் வழி இருக்கவேண்டும். அவ்வரிக்கு மதிப்பெண் இல்லாதவரை, தலைப்பைக் 'கண்டவை' என மாற்றினாலும் அதன்கீழ் காண்பனவே எழுதப்படும்.